கல்லீரல் எதைப் பொறுக்கும், எதைப் பொறுக்காது

1969ஆம் ஆண்டில், சில மாத இடைவெளியில், உறுப்பு மாற்றுச் சிகிச்சை பற்றி இரண்டு ஆய்வுக் கட்டுரைகள் வெளிவந்தன. அடுத்தடுத்துப் படித்தால் ஒன்றை ஒன்று மறுப்பதுபோல் தோன்றும்.

முதல் கட்டுரை லாஸ் ஏஞ்சலிஸில் பணியாற்றிய பால் தெரசாகியும் அவருடைய சகா பட்டேலும் எழுதியது. சிறுநீரகம் பெறப்போகிறவரின் இரத்தத்தில், கொடையாளரின் செல்களைக் கொல்லக்கூடிய எதிர்ப்பொருள்கள் முன்பே இருந்தால் என்ன ஆகும் என்று அவர்கள் கணக்கெடுத்தார்கள். அப்படி இருந்த 30 பேரில் 24 பேருக்கு, பொருத்திய சிறுநீரகம் உடனடியாகச் செயலிழந்தது. எதிர்ப்பொருள் இல்லாத 195 பேரில் 8 பேருக்கு மட்டுமே அந்த நிலை. அறுவை அரங்கில் இது கண்ணெதிரே நடக்கும். இரத்தக்குழாய்களைத் தைத்து முடித்து, கவ்வியை எடுத்து, இரத்தத்தை உள்ளே விட்டதும் சிறுநீரகம் இளஞ்சிவப்பாக நிமிர வேண்டும். எதிர்ப்பொருள் இருக்கும் உடலில் அது சில நிமிடங்களில் நீலம் பாரித்துத் தளர்ந்துவிடும். அந்தக் கட்டுரைக்குப் பிறகு, கொடையாளரின் வெள்ளணுக்களையும் பெறுபவரின் சீரத்தையும் கலந்து பார்க்கும் கிராஸ்மேட்ச் சோதனை இல்லாமல் சிறுநீரகம் பொருத்துவது கிட்டத்தட்ட நின்றுபோனது. ஜப்பானிய வம்சாவளி என்ற ஒரே காரணத்துக்காக இரண்டாம் உலகப் போரின்போது குடும்பத்தோடு அரிசோனா முகாமில் அடைக்கப்பட்ட சிறுவன்தான் பின்னாளில் இந்தத் தெரசாகி. இன்று உலகெங்கும் காப்பாற்றப்படும் எத்தனையோ சிறுநீரகங்கள் அவருக்குக் கடன்பட்டவை.

இரண்டாவது கட்டுரை இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜிலிருந்து, ராய் கால்னின் குழுவிடமிருந்து வந்தது. அவர்கள் ஒரு பன்றியின் கல்லீரலை உறவில்லாத இன்னொரு பன்றிக்கு வைத்தார்கள். எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து எதுவும் கொடுக்கவில்லை. பல பன்றிகள் அந்தக் கல்லீரலை ஏற்றுக்கொண்டு வாழ்ந்தன. அதோடு நிற்கவில்லை. அதே கொடைப் பன்றியின் தோலையும் சிறுநீரகத்தையும் வைத்தபோது அவையும் வழக்கத்தைவிட நீண்ட நாள் தாக்குப்பிடித்தன. வேறொரு பன்றியின் உறுப்பை உடல் வழக்கம்போல் நிராகரித்தது. கல்லீரல் தன்னைக் காத்துக்கொள்வதோடு, தன்னோடு வந்த உறுப்புகளுக்கும் இடம் வாங்கித் தந்தது.

பன்றிக்கு நடந்தது மனிதருக்கு அப்படியே நடக்கவில்லை. கல்லீரல் பெற்றவர்களில் பெரும்பாலோர் இன்றும் வாழ்நாள் முழுதும் மருந்து சாப்பிடுகிறார்கள். ஆனால் எதிர்ப்பொருள் விஷயத்தில் மனிதக் கல்லீரலும் தனிப் பிறவிதான் என்பது விரைவிலேயே தெரிந்துவிட்டது. கிராஸ்மேட்ச் சோதனையில் "ஒத்துவராது" என்று வந்தவர்களுக்கும் கல்லீரலை வைத்தார்கள். அது வேலை செய்தது. அதனால் பல பத்தாண்டுகளாகக் கல்லீரல் மாற்று உலகில் ஒரு நம்பிக்கை ஊறிப்போயிருந்தது: இரத்தப் பிரிவு சரியாக இருந்தால் போதும், மற்றதைப் பார்க்க வேண்டாம். இந்த நம்பிக்கையில் பெரும்பகுதி உண்மை. பொய்யான சிறு பகுதிக்கு நோயாளிகள் கொடுத்த விலைதான் பெரிது. எதிர்ப்பொருள் உண்டா, இல்லையா என்று மட்டும் கேட்டால் கல்லீரல் பதில் சொல்லாது. எந்த எதிர்ப்பொருள், எவ்வளவு, உறுப்பின் எந்த மூலையைத் தாக்குகிறது, அறுவைக்கு முன்பே இருந்ததா, பின்னால் வந்ததா என்று கேட்க வேண்டும்.

இந்த விவாதத்தில் வருபவை இரண்டு வகை எதிர்ப்பொருள்கள். ஒன்று இரத்தப் பிரிவு சார்ந்தது. ஏ, பி என்ற பெயர்கள் செல்களின் மேற்பரப்பில் இருக்கும் சர்க்கரைச் சங்கிலிகளைக் குறிக்கின்றன. நம்மிடம் இல்லாத சர்க்கரைக்கு எதிராக நம் உடல் தானாகவே எதிர்ப்பொருள் வைத்திருக்கும். யாரும் ஊசி போட்டு அதை உண்டாக்கவில்லை. குடலில் வாழும் நுண்ணுயிரிகளின் மேலும் இதே போன்ற சர்க்கரைகள் இருப்பதால், குழந்தைப் பருவத்திலேயே அது உருவாகிவிடுகிறது. மற்றது எச்.எல்.ஏ. எனப்படும் திசு அடையாளப் புரதங்களுக்கு எதிரானது. ஆறாவது குரோமோசோமில் இவற்றுக்கான மரபணுக்கள் இருக்கின்றன. பாதி அம்மாவிடமிருந்து, பாதி அப்பாவிடமிருந்து வருபவை. இவற்றுக்கு எதிரான எதிர்ப்பொருள் தானாக வருவதில்லை. வேற்று மனிதரின் செல்கள் உடலுக்குள் நுழைந்த பிறகே வரும். அதற்கு முக்கியமான வழிகள் மூன்று: இரத்தம் ஏற்றுதல், முந்தைய உறுப்பு மாற்று, கர்ப்பம்.

சிறுநீரகம் சாகிற இடத்தில் கல்லீரல் எப்படிப் பிழைக்கிறது? முதல் காரணம் அதன் அளவு. வயது வந்தவரின் கல்லீரல் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர் அளவில் இரத்தம் அதற்குள் பாய்கிறது. இரத்தத்திலுள்ள எதிர்ப்பொருள்கள் இவ்வளவு பெரிய பரப்பில் பரவி ஒட்டும்போது, எந்த ஓர் இடத்திலும் கொல்லும் அளவுக்கு அடர்வதில்லை. அந்த இரத்தமும் இரண்டு வழிகளில் வருகிறது. முக்கால் பங்கு குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை வழியாக, மிச்சம் கல்லீரல் தமனி வழியாக. ஒரு பாதையில் உறைகட்டி அடைத்தாலும் இன்னொன்று செல்களுக்கு ஊட்டம் கொடுக்கும். சிறுநீரகத்துக்கு அந்த வசதி இல்லை.

அடுத்தது, கல்லீரலுக்குள்ளேயே குடியிருக்கும் குப்ஃபர் செல்கள். குடலிலிருந்து வரும் இரத்தத்தில் நுண்ணுயிரித் துணுக்குகளும், எதிர்ப்பொருளும் அதன் இலக்கும் பின்னிய கட்டிகளும் எப்போதும் மிதந்து வரும். அவற்றை விழுங்கிச் செரிப்பதே இந்தச் செல்களின் அன்றாட வேலை. அவை கல்லீரலைத் தாக்க வரும் எதிர்ப்பொருள்களையும் அதே முறையில் விழுங்கிவிடுகின்றன. மேலும், எச்.எல்.ஏ. புரதங்களில் உள்ள இரண்டு வகைகளில் முதல் வகையைக் கல்லீரல் கரைந்த நிலையில் இரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கிறது. உறுப்பில் ஒட்ட வேண்டிய எதிர்ப்பொருள்கள் வழியிலேயே இந்த மிதக்கும் புரதங்களோடு ஒட்டி வீணாகிப்போகின்றன. இதற்கெல்லாம் மேலே, சேதமானாலும் மறுபடி வளரும் திறன்.

இதன் வலிமையைப் பிட்ஸ்பர்க்கில் தாமஸ் ஸ்டார்ஸலின் குழு 1980களில் நேரில் பார்த்தது. 1963இல் டென்வரில் மனிதருக்கு முதன்முதலாகக் கல்லீரல் மாற்ற முயன்றவர் ஸ்டார்ஸல். அதைப் பெற்ற குழந்தை அறுவை மேசையிலேயே இறந்தது. 1967இல்தான் அவருக்கு வெற்றி கிட்டியது. பின்னர் பிட்ஸ்பர்க்கில், கல்லீரலும் சிறுநீரகமும் சேர்த்துத் தேவைப்பட்ட சில நோயாளிகளுக்குக் கிராஸ்மேட்ச் ஒத்துவரவில்லை. தெரசாகியின் கணக்குப்படி அந்தச் சிறுநீரகம் பிழைக்கக் கூடாது. கல்லீரலை முதலில் வைத்தார்கள். அதற்கு இரத்தம் ஓடத் தொடங்கியது. பிறகு எடுத்த இரத்தத்தில் மறுபடி சோதித்தபோது பலரிடம் எதிர்ப்பொருள் காணாமல் போயிருந்தது. அதே கொடையாளரின் சிறுநீரகத்தை அடுத்து வைத்தபோது அதுவும் தப்பியது. கேம்பிரிட்ஜ் பன்றிகளில் தெரிந்தது இங்கே மனித உடலில் வேறு வடிவில் தெரிந்தது.

இந்தக் கேடயத்தில் ஓட்டை எங்கே என்பதை இரத்தப் பிரிவு பொருந்தாத கல்லீரல்கள் காட்டிக்கொடுத்தன.

ஆரம்ப காலத்தில், வேறு வழியில்லாத அவசர நிலைகளில், பிரிவு பொருந்தாத கல்லீரலை வைத்துப் பார்த்தார்கள். சிறுநீரகம்போல் மேசையிலேயே அது கருகவில்லை. சில நாட்கள், சில வாரங்கள் நன்றாகவே ஓடும். பிறகு சிலருக்குக் கல்லீரல் திசு திட்டுத்திட்டாக அழுகும். தமனியில் இரத்தம் உறையும். தப்பியவர்களில் சிலருக்கு மாதக்கணக்கில் கழித்து மஞ்சள் காமாலை வரும். பித்தநாளங்கள் உள்ளுக்குள் பல இடங்களில் சுருங்கிப்போயிருக்கும். உறுப்பு நிலைத்தவர்களின் விகிதம், பிரிவு பொருந்தியவர்களின் விகிதத்தைவிட மிகவும் தாழ்ந்திருந்தது.

ஏன் பித்தநாளம்? இதற்குக் கல்லீரலை மிக அருகில் பார்க்க வேண்டும். கல்லீரலின் எடையில் பெரும்பகுதியான ஹெபடோசைட் செல்களின் மேல் ஏ, பி சர்க்கரைகள் இல்லை. அதனால் இரத்தப் பிரிவு எதிர்ப்பொருளுக்கு அவை கண்ணில் படுவதே இல்லை. அந்தச் சர்க்கரைகள் இருப்பது இரண்டு இடங்களில்: இரத்தக்குழாய்களின் உட்சுவரில், பித்தநாளங்களின் உள்தோலில். பித்தநாளத்துக்கு ஊட்டம் கொடுப்பது, அதைச் சுற்றி வலைபோல் படர்ந்திருக்கும் மயிரிழை நாளங்கள். அந்த வலைக்கு இரத்தம் தமனியிலிருந்து மட்டுமே வருகிறது. கல்லீரலின் மற்ற செல்களுக்கு உள்ள இரட்டை வழி பித்தநாளத்துக்குக் கிடையாது. எதிர்ப்பொருள் அந்த மெல்லிய வலையின் உட்சுவரில் ஒட்டுகிறது. காம்ப்ளிமென்ட் என்னும் புரதத் தொடரை உசுப்பிவிடுகிறது. சுவர் கிழிகிறது, தட்டணுக்கள் ஒட்டுகின்றன, இரத்தம் உறைகிறது. ஊட்டம் நின்ற நாளம் தழும்பாகிச் சுருங்குகிறது. ஒன்றரைக் கிலோ உறுப்பு எவ்வளவு எதிர்ப்பொருளை உறிஞ்சினாலும், சில மில்லிமீட்டர் அகலமுள்ள இந்தக் குழாய்களைக் காப்பாற்ற முடியாமல் போகிறது.

இரத்தப் பிரிவில் ஆர்எச் பாசிட்டிவா நெகட்டிவா என்பதைக் குடும்பங்கள் ரொம்பவும் கவலையோடு கேட்பார்கள். அந்த அடையாளம் சிவப்பணுவின் மேல் மட்டும்தான் இருக்கிறது. கல்லீரல் திசுவில் இல்லை. ஆகவே உறுப்பு நிலைப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பிரிவு பொருந்தாத கல்லீரலை வெற்றிகரமாக வைக்கும் வழியைக் கண்டுபிடிக்க வேண்டிய நெருக்கடி எல்லாரையும்விட ஜப்பானுக்கு அதிகம். மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து உறுப்பெடுக்க அங்கே 1997இல்தான் சட்டம் வந்தது. வந்த பிறகும் அப்படிக் கிடைக்கும் உறுப்புகள் மிகக் குறைவு. உயிரோடிருக்கும் உறவினர் தன் கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுப்பதே அங்கே பிரதான வழி. குடும்பத்துக்குள் கொடுக்கத் தயாராக இருப்பவர் ஒருவர், அவருடைய பிரிவோ பொருந்தவில்லை என்றால் நோயாளிக்கு வேறு கதி இல்லை. கியோத்தோ, கெய்யோ பல்கலைக்கழக மருத்துவர்கள் ஒவ்வொரு வழியாகச் சேர்த்துக்கொண்டே போனார்கள். அறுவைக்கு முன் பிளாஸ்மாவை மாற்றினார்கள். எதிர்ப்பொருள் உற்பத்தியாகும் இடங்களில் ஒன்றான மண்ணீரலை அகற்றினார்கள். போர்ட்டல் சிரைக்குள்ளோ தமனிக்குள்ளோ மெல்லிய குழாய் விட்டு, உறைகட்டியைத் தடுக்கும் மருந்துகளை நேராகக் கல்லீரலுக்குள் செலுத்தினார்கள். ஒவ்வொன்றும் கொஞ்சம் உதவியது. பெரிய திருப்பம் ரிடுக்ஸிமாப் என்ற மருந்தால் வந்தது.

ரிடுக்ஸிமாப் உண்மையில் ஒருவகை இரத்தப் புற்றுநோய்க்கான மருந்து. எதிர்ப்பொருள் தயாரிக்கும் செல்களாக மாறக்கூடிய பி லிம்போசைட்டுகளைக் குறிவைத்து அழிக்கிறது. அறுவைக்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன் ஒரே ஒருமுறை கொடுத்தால், புதிய எதிர்ப்பொருள் உற்பத்தி பெருமளவு அடங்கிவிடும். ஏற்கெனவே இரத்தத்தில் சுற்றுவதைப் பிளாஸ்மா மாற்று சிகிச்சை வெளியேற்றும். ஜப்பான் மருத்துவமனைகள் பலவற்றின் 381 வயது வந்த நோயாளிகளைத் திரட்டி, 2014இல் எகாவா குழு வெளியிட்ட கணக்கில், ரிடுக்ஸிமாப் பெறாதவர்களில் 23 சதவீதம் பேருக்கு எதிர்ப்பொருள் வழி நிராகரிப்பு வந்திருந்தது. பெற்றவர்களில் அது 6 சதவீதம். மண்ணீரலை எடுக்க வேண்டிய தேவையும் பெரும்பாலும் போய்விட்டது. தென்கொரியாவில் சியோலின் ஆசான் மருத்துவ மையம் இதைப் பெரிய அளவில் செய்துகாட்டியது. அங்கே பிரிவு பொருந்தாத 235 பேரின் பிழைப்பு விகிதம், பொருந்தியவர்களின் விகிதத்துக்குச் சமமாக நின்றது. ஆனாலும் அவர்களில் சுமார் 7 சதவீதம் பேருக்குக் கல்லீரலுக்குள் பித்தநாளங்கள் பரவலாகச் சுருங்கும் சிக்கல் வந்தது. அவ்வளவு செய்தும் அந்தப் பழைய மூலையில் ஆபத்து முழுதாகத் தீரவில்லை. "இரத்தப் பிரிவு இனித் தடையே இல்லை" என்று விளம்பரம் செய்யும்போது இந்த 7 சதவீதத்தையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம். அப்படிப் பித்தநாளம் சுருங்கிய சிலருக்கு இன்னொரு கல்லீரல் தேவைப்படும். தானம் கொடுத்த அண்ணனோ மனைவியோ இரண்டாம் முறை கொடுக்க முடியாது.

எதிர்ப்பொருளை அளக்கும் முறை மிக எளிமையானது, பார்க்கவும் அழகானது. நோயாளியின் சீரத்தை உப்புநீரில் பாதியாக நீர்க்கவைத்து ஒரு குழாயில் எடுக்கிறார்கள். அதில் பாதியை அடுத்த குழாயில் மறுபடி பாதியாக. இப்படியே இரண்டில் ஒன்று, நான்கில் ஒன்று, எட்டில் ஒன்று என்று ஐந்நூற்றுப் பன்னிரண்டில் ஒன்றையும் தாண்டி வரிசை போகும். ஒவ்வொரு குழாயிலும் கொடையாளரின் பிரிவுச் சிவப்பணுக்களை விடுகிறார்கள். எதிர்ப்பொருள் இருந்தால் அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திப்பித்திப்பியாகும். எந்தக் குழாய்வரை திப்பி தெரிகிறதோ அதுதான் அளவு. ஒருவருக்கு எட்டாவது பங்கில் நின்றுவிடும். இன்னொருவருக்கு ஆயிரத்தில் ஒரு பங்கிலும் ஒட்டிக்கொண்டே இருக்கும். இரண்டு பேரும் ஓ பிரிவுதான், இருவருக்கும் ஏ பிரிவுக் கல்லீரல்தான். ஆனால் இருவரின் அபாயமும் வெவ்வேறு. அறுவைக்கு முன் இதை எட்டில் ஒன்று, பதினாறில் ஒன்று, சில இடங்களில் முப்பத்திரண்டில் ஒன்று என்ற அளவுக்குக் கீழே இறக்க மருத்துவமனைகள் இலக்கு வைக்கின்றன. அறுவைக்குப் பின் முதல் இரண்டு வாரங்கள் அடிக்கடி அளந்து பார்க்கிறார்கள். சிகிச்சைக்கு ஒத்துக்கொள்ளும் குடும்பம் இந்த எண்ணைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

இரத்தப் பிரிவு எதிர்ப்பொருள் பிறவியிலேயே முழுதாக வந்துவிடுவதில்லை என்பதால், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இந்தக் கவலை வெகுவாகக் குறைவு. பித்தநாளம் அடைத்துப் பிறக்கும் குழந்தைகள்தான் அந்த வயதில் கல்லீரல் தேவைப்படுபவர்களில் மிகப் பலர். அவர்களுக்குப் பிரிவு பொருந்தாத அம்மாவோ அப்பாவோ கொடுத்தாலும், அதிகத் தயாரிப்பு இல்லாமலே உறுப்பு நன்றாக ஒட்டுகிறது. இந்தியாவில் முதன்முதலாக வெற்றிபெற்ற கல்லீரல் மாற்று 1998இல் டெல்லியில் நடந்தது. காஞ்சிபுரத்தைச் சேர்ந்த ஒரு குழந்தைக்கு அவன் தந்தை தன் கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுத்தார். பிறவியிலேயே பித்தநாளம் அடைத்ததுதான் அவனுக்கும் நோய்.

நம் நாட்டிலும் கல்லீரல் மாற்றில் பெரும்பங்கு உறவினர் கொடையால் நடக்கிறது. தமிழ்நாட்டில் ஓ பிரிவினர்தான் அதிகம். ஓ பிரிவுக்காரர் எல்லாப் பிரிவினருக்கும் கொடுக்கலாம், ஆனால் ஓ பிரிவினரிடமிருந்து மட்டுமே வாங்கலாம். அதனால் நோயாளி ஓ பிரிவாக இருந்தால் குடும்பத்தில் ஆள் தேடுவது கடினமாகிவிடுகிறது. பிரிவு பொருந்தாத அறுவைக்குப் பதிலாக இன்னொரு வழி உண்டு. இரண்டு குடும்பங்கள் கொடையாளர்களை மாற்றிக்கொள்வது. என் மனைவி உங்கள் தம்பிக்கு, உங்கள் தங்கை எனக்கு. 2011இல் திருத்தப்பட்ட உறுப்பு மாற்றுச் சட்டம் நெருங்கிய உறவினர்களுக்கிடையே இதை அனுமதிக்கிறது. யாரும் பின்வாங்கிவிடாமல் இருக்க நான்கு அறுவைகளையும் ஒரே நேரத்தில் தொடங்குகிறார்கள். நான்கு அரங்கு, நான்கு குழு. ரிடுக்ஸிமாப் செலவும் அதனால் கூடும் தொற்று அபாயமும் இல்லாமல், பொருந்திய கல்லீரலே இரண்டு பேருக்கும் கிடைக்கிறது. இதை இன்னும் பரவலாக்க, மருத்துவமனைகள் தங்கள் பட்டியல்களைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ள வேண்டும். ஒரே மருத்துவமனைக்குள் தேடினால் ஜோடி அமைவது அரிது. நோயாளிகள் காத்திருக்கும்போதே இறந்துபோகும் நாட்டில், இதைத் தள்ளிப்போடுவதற்கு எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை.

இனி எச்.எல்.ஏ. எதிர்ப்பொருளுக்கு வருவோம். கல்லீரல் இதை மன்னிக்கும் என்று மேலே பார்த்தோம். ஆனால் மன்னிப்பு இரண்டு வகைப் புரதங்களுக்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை. முதல் வகைப் புரதங்கள் உடலின் ஏறக்குறைய எல்லாச் செல்களிலும் உள்ளன. கரைந்த வடிவிலும் மிதக்கின்றன. அவற்றுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் பெரும்பாலோரிடம் அறுவை முடிந்த சில நாட்களிலேயே மறைந்துவிடுகின்றன. இரண்டாம் வகைப் புரதங்கள் அப்படி மிதப்பதில்லை. சாதாரண நிலையில் கல்லீரலில் அவை குறைவாகவே இருக்கும். தொற்றோ அழற்சியோ வந்தால் இரத்தக்குழாய்ச் சுவரில் கூடும். அவற்றுக்கு எதிராக முன்பே அதிக அளவில் இருக்கும் எதிர்ப்பொருள்கள் அறுவைக்குப் பின்னும் தங்கிவிடுகின்றன. கல்லீரலோடு சேர்த்து வைத்த சிறுநீரகத்தையும் இவை விட்டுவைப்பதில்லை. பிட்ஸ்பர்க்கில் கண்ட பாதுகாப்பு எல்லாருக்கும் பொருந்தாததற்கு இது ஒரு காரணம்.

இதைப் பிரித்தறிய உதவியது தொழில்நுட்பம். தெரசாகியின் காலத்தில் செல்கள் சாகின்றனவா என்று நுண்ணோக்கியில் எண்ணினார்கள். இப்போது ஒவ்வொரு எச்.எல்.ஏ. புரதத்தையும் தனித்தனியாகப் பூசிய நுண்மணிகளைச் சீரத்தில் இட்டு, எந்த மணியில் எதிர்ப்பொருள் ஒட்டுகிறது, எவ்வளவு ஒளிர்கிறது என்று லேசர் கருவி படிக்கிறது. டல்லஸ் நகர மருத்துவர் ஜாக்குலின் ஓலியரியும் தெரசாகியின் ஆய்வகமும் சேர்ந்து, சேமித்து வைத்திருந்த பழைய சீர மாதிரிகளை இந்த முறையில் சோதித்தார்கள். கல்லீரல் பெற்ற 749 பேரில் ஏறக்குறைய 8 சதவீதம் பேருக்கு, முன்பு இல்லாத எதிர்ப்பொருள் ஓராண்டுக்குள் புதிதாக முளைத்திருந்தது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை இரண்டாம் வகை, அதிலும் டி.கியூ. என்ற புரதத்துக்கு எதிரானவை. அந்த நோயாளிகளின் வாழ்நாளும் உறுப்பின் வாழ்நாளும் மற்றவர்களுடையதைவிடக் குறைவாக இருந்தன. யாருக்கு இது வருகிறது? வயதில் இளையவர்களுக்கு, எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளில் டாக்ரோலிமஸுக்குப் பதில் சைக்ளோஸ்போரின் எடுத்தவர்களுக்கு, இரத்தத்தில் மருந்தின் அளவு தாழ்ந்து கிடந்தவர்களுக்கு. மாத்திரையை நிறுத்தியும் தொடங்கியும் விளையாடினால் உடலுக்கு அந்நியனை அடையாளம் காணக் கால அவகாசம் கிடைத்துவிடுகிறது.

இந்த எதிர்ப்பொருள் ஒரே நாளில் கல்லீரலைச் சாய்ப்பதில்லை. போர்ட்டல் சிரையின் நுனிக்கிளைகளைச் சுற்றி மெதுவாக நார்த்திசு சேர்க்கும். பிலிருபினும் மற்ற அளவுகளும் இரத்தப் பரிசோதனையில் சரியாகவே இருக்கலாம். ஊசியால் திசு எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். இதனால்தான் கல்லீரலுக்கு எதிர்ப்பொருள் வழி நிராகரிப்பு என ஒன்று உண்டா என்பதிலேயே நிபுணர்களிடம் நெடுங்காலம் கருத்து வேற்றுமை இருந்தது. உறுப்பு நோயியல் நிபுணர்கள் கூடும் பான்ஃப் குழு, 2016ஆம் ஆண்டு அறிக்கையில்தான் அதற்கு முழுமையான வரையறை கொடுத்தது: திசுவில் உரிய சேதம், இரத்தத்தில் கொடையாளருக்கெதிரான எதிர்ப்பொருள், நாளச் சுவரில் காம்ப்ளிமென்ட் விட்டுச்செல்லும் சி4டி தடயம், வேறு காரணம் இல்லை என்ற உறுதி. நான்கும் சேர்ந்தால் ஐயமில்லை.

பெண் நோயாளிகள் விஷயத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கர்ப்பத்தின்போது குழந்தையின் செல்கள் தாயின் இரத்தத்தில் கலக்கின்றன. குழந்தையின் எச்.எல்.ஏ. அடையாளத்தில் பாதி கணவனுடையது. ஆகவே பிள்ளை பெற்ற பெண்ணின் உடலில் கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் எதிரான எதிர்ப்பொருள்கள் உறங்கிக்கொண்டிருக்க வாய்ப்பு உண்டு. அம்மாவுக்குக் கல்லீரல் தேவைப்படும்போது முன்வருபவர்கள் பெரும்பாலும் அதே கணவனும் பிள்ளைகளும்தான். உயிரோடிருப்பவர் கொடுப்பது முழுக் கல்லீரல் அல்ல, பாதி. எதிர்ப்பொருளை உறிஞ்சும் பரப்பும் அதற்கேற்பச் சிறியது. இதற்காகக் கணவனோ மகனோ கொடுக்கக் கூடாது என்றில்லை. ஏராளமான பெண்கள் அப்படிப் பெற்று நலமாக இருக்கிறார்கள். ஆனால் எத்தனை பிரசவம், கருச்சிதைவு உண்டா, இரத்தம் ஏற்றியதுண்டா என்று கேட்பதும், எச்.எல்.ஏ. எதிர்ப்பொருளை முன்பே அளப்பதும் அந்தப் பெண்ணுக்குச் செய்ய வேண்டிய கடமை. எதிர்த் திசையில் நல்ல செய்தி ஒன்று உண்டு. பித்தநாளம் அடைத்துப் பிறந்த குழந்தைகளுக்குத் தாயின் கல்லீரல் தந்தையின் கல்லீரலைவிட நன்றாக நிலைக்கிறது என்று சான் ஃபிரான்சிஸ்கோ ஆய்வாளர்கள் 2012இல் அமெரிக்கப் பதிவேட்டிலிருந்து காட்டினார்கள். வயிற்றில் இருந்தபோதே தாயின் செல்களோடு பழகியது ஒரு காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து.

எச்.எல்.ஏ. நன்றாகப் பொருந்தினால் நல்லதுதானே என்று தோன்றும். சிறுநீரகத்துக்கு அது சரி. கல்லீரலில் பொருத்தம் கூடுவதால் பெரிய லாபம் கிடைத்ததில்லை. ஒரு குறிப்பிட்ட வகைப் பொருத்தம் ஆளையே கொல்லும். கொடையாளருக்கு அப்பாவழியிலும் அம்மாவழியிலும் ஒரே எச்.எல்.ஏ. தொகுதி வந்திருக்கிறது, பெறுபவரிடம் அதே தொகுதி ஒன்றும் வேறு தொகுதி ஒன்றும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். பெறுபவரின் உடல் புதிய கல்லீரலில் அந்நியமாக எதையும் காணாது. ஆனால் கல்லீரலோடு கோடிக்கணக்கில் வரும் கொடையாளரின் லிம்போசைட்டுகளுக்குப் பெறுபவரின் உடல் முழுவதும் அந்நியம். அவை நிராகரிக்கப்படாமல் பெருகி, தோலையும் குடலையும் எலும்பு மஜ்ஜையையும் தாக்கும். சில வாரங்களில் உடலெங்கும் தடிப்பு, வயிற்றுப்போக்கு, சரியும் இரத்த அணுக்கள். கல்லீரல் மட்டும் நன்றாக இருக்கும், ஏனென்றால் அது அந்தச் செல்களின் சொந்த வீடு. அரிதாகவே வரும் இந்த நோய் வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் இறந்துவிடுகிறார்கள். பெற்றோர் இரத்த உறவில் மணந்தவர்களாக இருந்தால் பிள்ளைக்கு இப்படி இரட்டைத் தொகுதி அமையும் வாய்ப்பு கூடுகிறது. மாமன் மகளையும் அக்காள் மகளையும் மணக்கும் வழக்கம் இன்னும் இருக்கிற நம் ஊரில், மகன் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ கொடுக்க முன்வரும்போது இருவரின் எச்.எல்.ஏ. தொகுதிகளையும் முன்பே சோதிப்பது அவசியம்.

இதன் சிறிய வடிவம் இரத்தப் பிரிவிலும் உண்டு. ஓ பிரிவுக்காரரின் கல்லீரல் ஏ பிரிவுக்காரருக்குச் செல்லும்போது, கூடவே போன கொடையாளரின் லிம்போசைட்டுகள் ஏ சர்க்கரைக்கு எதிரான எதிர்ப்பொருளைத் தயாரித்து, பெறுபவரின் சிவப்பணுக்களை உடைக்கும். அறுவை முடிந்து ஒன்றிரண்டு வாரங்களில் ஹீமோகுளோபின் திடீரென்று இறங்கும். எங்கோ இரத்தக் கசிவு என்று தேடுவார்கள். காரணம் தெரிந்துவிட்டால், ஓ பிரிவுச் சிவப்பணுக்களை ஏற்றிச் சமாளிக்கலாம். சில வாரங்களில் தானே அடங்கிவிடும்.

மருந்தில்லாமல் கல்லீரலோடு வாழ்ந்த அந்தப் பன்றிகளின் நிலை மனிதருக்குக் கிட்டுமா என்ற தேடல் நிற்கவில்லை. சான் ஃபிரான்சிஸ்கோவின் சாண்டி ஃபெங், பெற்றோரிடமிருந்து கல்லீரல் பெற்று நெடுநாள் நலமாக இருந்த 20 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்து, மிக மெதுவாக மருந்தைக் குறைத்தார். 12 பேர் மருந்தை முழுதாக விட்டார்கள். 2012இல் அந்த முடிவு வெளியானது. பின்னர் 88 குழந்தைகளை வைத்துச் செய்த பெரிய ஆய்வில் 33 பேருக்கு அது கைகூடியது. கண்டிப்பான கண்காணிப்பில், திரும்பத் திரும்பத் திசு எடுத்துப் பார்த்துச் செய்தது இது. எவரும் வீட்டில் முயன்று பார்க்கக் கூடியதன்று. முதல் 12 குழந்தைகளை ஐந்தாண்டுகளுக்கும் மேல் தொடர்ந்து பார்த்தபோது பலரின் இரத்தத்தில் கொடையாளருக்கு எதிரான இரண்டாம் வகை எதிர்ப்பொருள்கள் இருந்தன. டல்லஸ் கணக்குப்படி கவலைப்பட வேண்டிய அதே வகை. ஆனால் அவர்களின் கல்லீரல் திசுவில் சேதம் கூடவில்லை. ஒரே பெயர் கொண்ட எதிர்ப்பொருள் ஒருவரிடம் நார்த்திசுவை வளர்ப்பதும் இன்னொருவரிடம் சும்மா இருப்பதும் ஏன் என்பதைத்தான் இப்போது ஆய்வகங்கள் தேடிக்கொண்டிருக்கின்றன: எதிர்ப்பொருளின் துணை வகையா, காம்ப்ளிமென்ட்டைப் பிடிக்கும் அதன் திறனா, அதை அடக்கிவைக்கும் டி செல்களா என்று.